அம்மாவின் சேலையில் குவில்ட்: மிஷினுக்கு எந்த நூல்?

கேள்வி: அம்மா காலமான பிறகு அவருடைய பருத்திச் சேலைகளை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பெரும்பாலும் சின்னாளப்பட்டிச் சுங்குடி, சில செட்டிநாட்டுச் சேலைகள். நைந்து போகாத பகுதிகளை மட்டும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து ஒரு குவில்டின் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) மேல்பாகத்தை முடித்துவிட்டேன். அடியில் காடாத் துணி, நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு. மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் சிக்கல். ஆன்லைனில் 'குவில்டிங் நூல்' என்று போட்டிருந்த பருத்தி நூலை வாங்கினேன். ஒரு ஜாண் தைப்பதற்குள் அறுந்துவிடுகிறது. தையல் சாமான் கடையில் கேட்டுப் பாலியஸ்டர் கோன் வாங்கினேன். அது அறுவதில்லை, ஆனால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. போதாக்குறைக்கு, பாலியஸ்டர் நூல் நாளாவட்டத்தில் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று தோழி பயமுறுத்துகிறாள். கண்ணுக்குத் தெரியாத நூல் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கலாமா? என்னிடம் இருப்பது வீட்டு மோட்டார் மிஷின், பாபினை மேலிருந்து போடும் வகை. எந்த நூல், என்ன நம்பர், எவ்வளவு வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு புரி கொண்ட 50-ஆம் நம்பர் மெர்சரைஸ்டு பருத்தி நூல், மேலும் கீழும் அதே நூல், 12-ஆம் நம்பர் ஊசி. லேபிளில் 50/2 என்று போட்டிருக்கும். அது கிடைக்காவிட்டால் நல்ல தரமான 120 டிக்கெட் பாலியஸ்டர். உங்கள் சேலைகளுக்கு இதைவிடத் தடிமனான எதுவும் வேண்டாம்.

இனி உங்களிடம் இருக்கும் இரண்டு நூல்களைப் பார்ப்போம். அறுந்து அறுந்து போகும் அந்தக் குவில்டிங் நூலில் ஒரு முழம் இழுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். விறைப்பாக, கம்பி மாதிரி வளைத்த இடத்திலேயே நிற்கிறதா? விரலுக்கு மெழுகு தடவியது போல வழவழப்பாக இருக்கிறதா? அப்படியானால் அது கையால் குவில்டிங் செய்பவர்களுக்கான நூல். கையால் தைக்கும்போது நூல் முறுக்கிக்கொண்டு சிக்கு விழாமல் இருக்க, மெழுகோ கஞ்சியோ ஏற்றி மேற்பூச்சு கொடுத்திருப்பார்கள். கைக்கு அது வரம், மிஷினுக்கு எமன். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உராயும்போது அந்தப் பூச்சு உரிந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நூல் ஒரு நொடி நின்று, அடுத்த நொடி வெடுக்கென்று இழுபடும். ஊசிக் காதில் அறுந்துவிடும். விற்பவர்கள் 'கைத்தையலுக்கு மட்டும்' என்பதைச் சில சமயம் பொடி எழுத்தில் போடுவார்கள், சில சமயம் போடவே மாட்டார்கள். அந்த நூலைத் தூக்கிப் போட வேண்டாம். குவில்ட் முடிந்ததும் ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைக்க அதைவிட நல்ல நூல் கிடையாது.

அதை மிஷினில் ஓட்டிவிட்டீர்கள் என்பதால் ஒரு வேலை இருக்கிறது. மிஷின் பாதத்தைத் தூக்கிவிடுங்கள், தட்டுகள் விலகிக்கொள்ளும். மெல்லிய பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, நூல் போகும் பாதையில் தட்டுகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். துணியில் மங்கலான பிசுக்கு வந்தால் அதுதான் அந்தப் பூச்சு. சுத்தமாக வரும்வரை துடையுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த நூலை மாட்டினாலும் டென்ஷன் சரியாக நிற்காது.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், குழம்புவதில் தப்பும் இல்லை. நூல் உலகத்தில் ஒரே அளவுகோல் கிடையாது. பருத்தி நூலில் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நூற்பாலைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் 'கவுண்ட்' என்று சொல்வார்கள், அதேதான். 50/2 என்றால் 50 கவுண்ட் இழை இரண்டை முறுக்கியது. 50/3 என்றால் அதே இழை மூன்று, முப்புரி. இரண்டிலும் 50 என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் முப்புரி நூல் ஒன்றரை மடங்கு கனம். இத்தாலியின் ஆரிஃபில் நூலை குவில்டிங் செய்பவர்கள் கொண்டாடுவதற்கு முக்கியக் காரணம் அது 50-இல் இருபுரி என்பதுதான். வேறொரு கம்பெனியின் 50 முப்புரியை வாங்கிவிட்டு 'அதே நம்பர்தானே, ஏன் தையல் தடிப்பாக எழும்பி நிற்கிறது' என்று கேட்பவர்கள் உண்டு.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கோன்களில் இந்த மாதிரி இருக்காது, 'டிக்கெட் 120', 'டிக்கெட் 80' என்று இருக்கும். இதிலும் நம்பர் கூடினால் நூல் மெலியும், ஆனால் கணக்கு வேறு. எம்பிராய்டரி நூலில் 40 என்று இருக்கும், அது இன்னொரு கணக்கு. இவற்றை எல்லாம் ஒரே தராசில் நிறுத்த ஒரு வழி டெக்ஸ். ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெக்ஸ். இதில் மட்டும் எண் கூடினால் நூல் தடிக்கும். அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 50/2 பருத்தி சுமார் 24 டெக்ஸ். 120 டிக்கெட் பாலியஸ்டர் சுமார் 25. வழக்கமான 40 நம்பர் எம்பிராய்டரி நூல் சுமார் 27. அதாவது 50, 120, 40 என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரே தடிமன். 50/3 பருத்தி 35-ஐத் தொடும். 80 டிக்கெட் பாலியஸ்டர் அதையும் தாண்டும். கடையில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பல நூல்களில் டெக்ஸ் ஓர் ஓரத்தில் இருக்கும். 24-இலிருந்து 27-க்குள் இருந்தால் உங்கள் வேலைக்குச் சரி. நம்பரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் ஏமாறுவீர்கள்.

ஏன் இவ்வளவு மெல்லியதைச் சொல்கிறேன்? 'மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கிறோமே, உறுதியான நூல் வேண்டாமா' என்று நினைப்பீர்கள். தையல் கடையில் உங்களுக்குக் கோன் எடுத்துக் கொடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் பேன்ட், பிளவுஸ் கணக்கில் யோசிப்பவர். உட்கார்ந்து எழும்போது பேன்டின் தையல் மொத்த இழுப்பையும் தாங்குகிறது. குவில்டில் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான தையல் கோடுகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் பஞ்சு நகராமல் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. அதற்கு மெல்லிய நூல் தாராளம்.

அதோடு, உங்கள் துணி புதுத் துணி அல்ல. எத்தனையோ முறை துவைத்து, வெயிலில் காய்ந்து, மெத்தென்று ஆகிவிட்ட சேலை. தையல்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: இழுபறி வந்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது நூல், துணி அல்ல. அறுந்த தையலை அரை மணி நேரத்தில் மறுபடி ஓட்டிவிடலாம். கிழிந்த சுங்குடிக்கு வேறு சுங்குடி எங்கே தேடுவது, அதுவும் அம்மாவுடையது? அதனால்தான் உங்களுக்குப் பருத்தியை முதலில் சொன்னேன். பருத்தி நூல் ஓரளவுக்குத்தான் இழுப்பைத் தாங்கும், உங்களுக்கு அதுதான் வேண்டும். துவைப்பதை நினைத்தும் பயப்பட வேண்டாம். நனைந்தால் பருத்தி பலவீனமாவதில்லை, இன்னும் கொஞ்சம் வலுவாகத்தான் ஆகிறது.

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாலியஸ்டர் என்பதாலேயே ஒரு நூல் துணியை அறுத்துவிடாது. பாலியஸ்டர் நூலால் தைத்த பருத்திச் சட்டைகளைத்தான் ஊரே போட்டுக்கொண்டு திரிகிறது. துணியைக் கெடுப்பது தடித்த, விறைத்த நூலும் நெருக்கமான பொடித் தையலும். மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்று ஊசி குத்திக்கொண்டே போனால், நோட்டுப் புத்தகத்தில் கிழிப்பதற்காகப் போட்டிருக்கும் துளை வரிசை போல ஆகிவிடும். பழைய சேலையில் அந்தக் கோட்டிலேயே கிழியும். தையல் நீளத்தை இரண்டரைக்கும் மூன்று மில்லிமீட்டருக்கும் நடுவில் வையுங்கள். ஊசியும் மெல்லியதாக இருக்கட்டும். அதன் பிறகு நூல் பருத்தியா பாலியஸ்டரா என்பது பெரிய பிரச்சினை இல்லை.

இருந்தாலும் பாலியஸ்டரில் தரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மலிவான கோன்களில் பெரும்பாலானவை துண்டு இழைகளை நூற்றுச் செய்தவை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு இழையைப் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் புகை போலப் பிசிறு தெரியும். இடையிடையே சின்னச் சின்ன முடிச்சு போலத் தடிப்புகள் இருக்கும். அந்தத் தடிப்பு ஊசிக் காதுக்கு வரும்போதுதான் நூல் திக்கும். இதே பாலியஸ்டரில் நடுவே நீள இழை ஓடி, அதன் மேல் துண்டு இழை சுற்றியிருக்கும் நூல் ஒன்று உண்டு, 'கோர் ஸ்பன்' என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் ஒரே சீராக ஓடும். பாலியஸ்டரை மாட்டினால் பாபினை நிதானமாகச் சுற்றுங்கள். முழு வேகத்தில் சுற்றினால் நூல் இழுபட்டு நீண்ட நிலையில் பாபினில் உட்காரும். தைத்த பிறகு மெல்லச் சுருங்கும், கூடவே துணியையும் சுருக்கும். தைத்தபோது நன்றாக இருந்தது, மறுநாள் பார்த்தால் கோடு முழுக்கச் சுருக்கம் என்று புலம்புபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பருத்தி நூலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று நீண்ட இழைப் பருத்தியில் செய்ததா என்பது. எகிப்துப் பருத்தி என்று லேபிளில் பெருமையாகப் போடுவது இதற்காகத்தான். நம் கோயம்புத்தூரில் உருவான சுவின் பருத்தியும் அந்த மிக நீண்ட இழை ஜாதிதான். இழை நீளமானால் நூலில் பிசிறு குறையும், மிஷினுக்குள் தூசி குறையும். இன்னொன்று மெர்சரைஸ்டு என்ற சொல். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் போட்டுப் பார்த்தார். இழை உப்பி, வலுக்கூடி, சாயத்தையும் நன்றாகப் பிடித்தது. இழுத்துப் பிடித்தபடி செய்தால் பளபளப்பும் வரும் என்பதை ஹொரேஸ் லோ என்பவர் கண்டுபிடித்தது அரை நூற்றாண்டு கழித்து. திருப்பூர், கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு 'கேஸ்டு மெர்சரைஸ்டு' என்பது பழகிய சொல்லாக இருக்கும்: பிசிறை நெருப்பில் காட்டிப் பொசுக்கிவிட்டு மெர்சரைஸ் செய்வது. உங்கள் மிஷினுக்கு அதைவிட இதமான பருத்தி நூல் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அம்மாவின் தையல் டப்பாவில் பழைய நூல்கண்டுகள் இருந்தால், அவருடைய நூலாலேயே தைக்கலாமே என்று ஆசை வரும். இரண்டு கையிலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். கொஞ்சம் தாக்குப்பிடித்து 'டப்'பென்று அறுந்தால் நல்லது. பொசுக்கென்று பிய்ந்து போனால் அது இற்றுவிட்ட நூல். அதை மிஷினில் மாட்டாதீர்கள், டப்பாவிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

இப்போது அந்தக் கொத்து. அடியில் நூல் சேர்ந்தால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். ஆனால் அடியில் கொத்தாகச் சேர்வது அநேகமாக மேல் நூல். உங்கள் மிஷினில் நான் சந்தேகப்படுவது இரண்டு இடம். முதலாவது, நூல் கோக்கும்போது பாதம் இறங்கியிருந்திருக்கும். பாதம் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் உள்ளே போகாமல் தட்டுகளின் மேலேயே ஓடும், பிடிப்பே இருக்காது. பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோத்து, பிறகு பாதத்தை இறக்கி, ஊசிக்கு முன்னால் நூலை மெல்ல இழுங்கள். விரலுக்கு ஓர் இழுவிசை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி கோத்துப் பாருங்கள்.

இரண்டாவது, குவில்டிங்குக்கே உரிய கூத்து. கையால் துணியை நகர்த்திப் பூ, கொடி போடுவதற்காக, அடியிலிருந்து துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் பாதத்தை மாட்டியிருப்பீர்கள். அந்தப் பாதம் இறங்கியிருந்தாலும் துணியை அழுத்தாது, மேலே மிதந்துகொண்டிருக்கும். அதனால் பாதத்தை இறக்கும் கைப்பிடியை இறக்க மறந்துவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தட்டுகள் திறந்தே இருக்கும். பத்தே தையலில் அடியில் கிளிக்கூடு கட்டிவிடும். தைக்க ஆரம்பிக்கும் முன் கை தானாகப் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கும்படி பழக்கிக்கொள்ளுங்கள். அதோடு, தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு தையல் போட்டு, பாபின் நூலை மேலே இழுத்தெடுத்து, இரண்டு நுனிகளையும் விரலால் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கீழே விட்டால் அந்த நுனியே கொத்தின் விதை.

மேலிருந்து போடும் பாபினில் இன்னொன்றும் பாருங்கள். பாபினைக் கையில் பிடித்தால் நூல் இடப்பக்கமாகத் தொங்கி, ஆங்கில 'P' எழுத்தைப் போலத் தெரிய வேண்டும். பெரும்பாலான வீட்டு மிஷின்களுக்கு அப்படித்தான். உள்ளே வைத்து, நூலைப் பள்ளத்துக்குள் இழுக்கும்போது சற்றே பிடித்து விடும் உணர்வு வர வேண்டும். அந்தப் பள்ளத்தில் நூல் சரியாக உட்காராவிட்டால் கீழ் நூலுக்கு டென்ஷனே இல்லை.

இவ்வளவும் சரியான பிறகுதான் டென்ஷன் திருகைத் தொட வேண்டும். மேல் துணி, பஞ்சு, காடா மூன்றையும் அடுக்கி உள்ளங்கை அளவில் ஒரு துண்டு செய்துகொள்ளுங்கள். வெறும் துணியில் பார்ப்பதால் பயனில்லை, மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு பஞ்சுக்குள் மறைய வேண்டும். மேலே மெரூன், பாபினில் வெள்ளை என்று வேண்டுமென்றே இரண்டு நிறம் போட்டு ஓட்டிப் பாருங்கள். மேல் பக்கம் ஒவ்வொரு துளையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். திருகை ஒரு எண் குறையுங்கள். அடியில் வெள்ளை நூல் துணியோடு ஒட்டி நேர்கோடாகப் படுத்திருக்க, மெரூன் நூல் அதன் மேல் வளையமாக எட்டிப் பார்த்தால் மேல் நூல் தளர்வு, கூட்டுங்கள். மெல்லிய நூலுக்குத் திருகு பெரும்பாலும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவில்தான் வந்து நிற்கும். சரியான எண் கிடைத்ததும் அந்தத் துண்டிலேயே நூல் பெயர், ஊசி, திருகின் எண் மூன்றையும் பேனாவில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த குவில்டுக்கு உட்காரும்போது அந்தத் துண்டு பொன்.

ஊசியைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. ஒரு தையலாகத் துணியில் உட்காரும் முன், நூலின் அதே இடம் ஊசிக் காதுக்குள் டஜன் கணக்கான தடவை மேலும் கீழும் உராய்ந்து இழுபடுகிறது. காது சிறிதானால் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரியும். காது பெரிதானால் துளை பெரிதாகும், பழைய சேலையில் அந்தத் துளை மூடாது. சோதித்துப் பார்க்க எளிய வழி: ஊசியைக் கழற்றி ஒரு முழம் நூலில் கோத்து, நூலைச் சாய்வாக விறைப்பாகப் பிடியுங்கள். மேல் முனையில் இருக்கும் ஊசி தானாகச் சுழன்று வழுக்கி இறங்க வேண்டும். நடுவழியில் நின்றால் அந்த நூலுக்கு அந்த ஊசி சிறியது. 50/2 நூலுக்கு 12-ஆம் நம்பர் அளவெடுத்தது போல இருக்கும். சில கடைகளில் 11, 14, 16 மட்டும் வைத்திருப்பார்கள். அப்படியானால் 11 வாங்குங்கள், நூல் பிரிந்தால் மட்டும் 14-க்குப் போங்கள். பிளவுஸ் தைத்த பழைய ஊசியோடு குவில்டில் இறங்க வேண்டாம். மூன்று அடுக்கில் மழுங்கிய ஊசி 'டொக் டொக்'கென்று சத்தம் போடும், சத்தம் கேட்டால் மாற்றிவிடுங்கள். கேட்கும்போது வீட்டு மிஷின் ஊசி என்று சொல்லிக் கேளுங்கள், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடைக்காரர்கள் வைத்திருக்கும் பவர் மிஷினின் உருண்டை ஊசி உங்களுக்குச் சேராது.

கண்ணுக்குத் தெரியாத நூல் கேட்டிருந்தீர்கள். ஒற்றை இழையாக, மீன் பிடிக்கும் நரம்பை மெலித்தது போல இருக்கும். நைலானிலும் வருகிறது, பாலியஸ்டரிலும் வருகிறது. நைலான் நாளாக ஆக மஞ்சளடித்து நொறுங்கும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் இளகியும்விடலாம். வாங்குவதாக இருந்தால் பாலியஸ்டரே வாங்குங்கள். ஆனால் உங்கள் குவில்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல நிறத் துணிகள் சேர்ந்த இடத்தில் நூல் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தேடுகிறார்கள். மெல்லிய பருத்தி நூலே பாதி மறைந்துவிடும். பருத்திச் சேலை, பருத்திப் பஞ்சு, காடாத் துணி என்று மூன்று அடுக்கும் ஒரே ஜாதியாக இருக்கும்போது நடுவே பிளாஸ்டிக் நரம்பு எதற்கு? போர்த்திக்கொள்ளும் பொருள் அது. நுனி வெளியே நீட்டிக்கொண்டால் குழந்தையின் கன்னத்தில் குத்தும்.

பளபளக்கும் ரேயான் எம்பிராய்டரி நூலும் வேண்டாம். ஈரத்தில் ரேயானின் வலு மிகவும் குறைந்துவிடும். சுவரில் மாட்டும் குவில்டுக்குச் சரி, துவைத்துப் போடும் குவில்டுக்குச் சரிப்படாது. ஜரிகை நூலைப் பற்றி இன்னொரு சமயம் பேசுவோம், அது தனி ராமாயணம்.

நிறம். கோனாகப் பார்க்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையாகத் துணிமேல் கிடக்கும்போது ஒரு படி வெளிறித் தெரியும். அதனால் கடைக்குப் போகும்போது நான்கைந்து துண்டுச் சேலையைக் கையோடு கொண்டுபோய், நூலை இழுத்து அதன் மேல் கொசகொசவென்று போட்டுப் பாருங்கள். சுங்குடியின் கருநீலம், அரக்கு, பச்சை எல்லாவற்றின் மேலும் போகப் போகிற ஒரே நூல் என்பதால், எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் மங்கலான நிறமாக எடுங்கள். நடுத்தரச் சாம்பல், இல்லையென்றால் மண் நிறம். வெள்ளை நூல் சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளோடு அழகாகச் சேரும் என்று தோன்றும், சேரவும் செய்யும். ஆனால் கை நடுங்கிய இடமெல்லாம் அரக்கு நிறத்தின் மேல் வெட்டவெளிச்சமாகத் தெரியும். கை பழகியவர்களுக்கு அது பரவாயில்லை, முதல் குவில்டுக்கு வேண்டாம். எடுப்பான நிறத்தில்தான் தைப்பேன் என்றால், நூல் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துணியில் கோடு விழுந்தால் அந்த நூல் காடாவின் பக்கமே வரக் கூடாது. சுங்குடித் துண்டுகளையும் இதே போல ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்து அதே சேலைகளை அடுக்கித் தைப்பது வழக்கம். படித்துவிட்டு நீங்களும் செட்டிநாட்டுக் கரையில் கை வைத்துவிடாதீர்கள். அது கை ஊசிக்கான வேலை. நெசவுக்காக முறுக்கிய இழை மிஷினின் வேகத்துக்குத் தாங்காது. ஆசையாக இருந்தால் ஒரு மூலையில் அம்மாவின் பெயரை மட்டும் அந்த இழையால் கையால் தைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி நூல் ஓட்டினால் தூசி அதிகம். பாபின் இரண்டு மூன்று தீர்ந்ததும் ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள்; பற்களுக்கு இடையே கம்பளி போலப் படிந்திருக்கும். தூரிகையால் எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஈரக் காற்றோடு தூசி இன்னும் உள்ளே போகும். பெரிய கோன் வாங்கினால் மிஷினின் சிறிய குச்சியில் அது நிற்காது. மிஷினுக்குப் பின்னால் கனமான ஒரு டம்ளரில் கோனை நிறுத்தி, மிஷினின் முதுகில் ஒரு ஊக்கை டேப்பால் ஒட்டி, நூலை மேல்நோக்கி அதன் வழியாக விட்டுவிடுங்கள். கோனிலிருந்து நூல் நேர் மேலே போய்த்தான் இறங்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் திக்கும். சின்னக் கண்டுகளில் நூல் ஒன்றன்மேல் ஒன்றாக இணையாகச் சுற்றியிருந்தால் நிற்கும் குச்சியில் மாட்டுங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தால் படுத்த குச்சியில்.

கடைசியாக, எவ்வளவு வாங்குவது. குவில்டின் அளவை நீங்கள் எழுதவில்லை. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு வீதம் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கட்டம் போட்டுத் தைத்தால், கோடுகளின் மொத்த நீளம் 4,800 அங்குலம், அதாவது சுமார் 122 மீட்டர். ஒரு மீட்டர் தையலுக்கு மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போகும். ஆக 300 மீட்டருக்கு மேல். நுனி வெட்டுவது, பிரித்துத் தைப்பது எல்லாம் சேர்த்து 400 மீட்டர் வாங்கிவிடுங்கள். பூவும் கொடியுமாக நெருக்கித் தைப்பதென்றால் இதைப் போல மூன்று நான்கு மடங்கு போகும், அப்போது கோனே லாபம். எதுவானாலும் ஒரே தடவையில், லேபிளில் ஒரே லாட் எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் போய் அதே நிற எண்ணைக் கேட்டு வாங்கினாலும், சாயத்தொட்டி மாறியிருந்தால் சாம்பலில் ஒரு நீலம் கூடியிருக்கும், குவில்டின் நடுவில் அது நன்றாகவே தெரியும்.